எலும்பும் தோலுமான குதிரைக்கு முதல் 10 நாள் தீவனம்

பட்டினி கிடந்த குதிரையைக் கண்டதும் கொள்ளை அவித்து வாளி நிறைய வைக்கத்தான் கை போகும். கூடாது. மாவுச்சத்து ஏறினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியத்தை செல்களுக்குள் இழுத்துவிடும். 3 முதல் 5 நாளில் இதயம் நின்றுபோகலாம். அதுவும் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போதே.

காய்ந்த குதிரைமசால்தான் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்) சரி. மாவுச்சத்து குறைவு, புரதமும் மக்னீசியமும் அதிகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சோதித்துச் சொன்ன அளவு: முதல் 3 நாள், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரைக் கிலோ. ராத்திரியும் எழுந்து போட வேண்டும், அலுப்பான வேலைதான். பிறகு மெல்லக் கூட்டி, 6ஆம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. 10 நாள் தாண்டினால் தின்னுமளவு. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தானியமும் எண்ணெயும் இப்போது வேண்டாம். குடற்புழு மருந்தைக் குதிரை தேறிய பிறகு, கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் கொடுங்கள். பழைய எடை திரும்ப மாதக்கணக்காகும்.