பால்சா விமானத்தைப் பால்சாவிலேயே: 1/7 மாஸ்கிட்டோ, இதுவரை

ரேடியோவில் ஓட்டும் மாதிரிக் குண்டுவீச்சு விமானங்களைப் பெரிய அளவில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் லங்காஸ்டர் பக்கமோ பி-17 பக்கமோதான் போவார்கள். நான்கு எஞ்சின், நீண்ட இறக்கை, மைதானத்தில் இறக்கி வைத்தாலே கூட்டம் கூடும். நான் டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டிய இரண்டாம் உலகப் போர்க் கால இரட்டை எஞ்சின் விமானமான மாஸ்கிட்டோவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. மற்றவை எல்லாம் அலுமினிய விமானங்கள். அவற்றைப் பால்சா என்ற மிக லேசான மரத்தில் கட்டி, மேலே ரிவெட் வரைந்து, உலோகம் என்று நம்ப வைக்கிறோம். மாஸ்கிட்டோவில் அந்தப் பாசாங்கு தேவையில்லை. அதன் உடற்பகுதியே இரண்டு மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் 11 மில்லிமீட்டர் பால்சா வைத்து ஒட்டிய கூடு. பால்சா எக்வடோரிலிருந்து வந்தது. பாகங்கள் பலவற்றை மேசை நாற்காலி செய்த பட்டறைகள் செய்து கொடுத்தன. 1940 நவம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதலில் பறந்தது. மொத்தம் 7,781 கட்டினார்கள்.

வழக்கமான மாதிரிகளில் ஃபார்மர் எனும் குறுக்குச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, லாங்கரான் எனும் நீளக் கட்டைகளைக் கொடுத்து, மேலே பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டு போவோம். அதை விட்டுவிட்டு டி ஹாவிலண்ட் ஆட்கள் செய்த முறையிலேயே செய்து பார்க்கலாமே என்பதுதான் இந்த வேலையின் தொடக்கம்.

அந்த முறை இதுதான். உடற்பகுதியை மொச்சைக்காயை உரித்தாற்போல் நீளவாக்கில் இடது, வலது என்று இரண்டு பாதிகளாக, தனித்தனி அச்சுகளின் மேல் செய்வார்கள். அச்சு மரத்திலோ கான்கிரீட்டிலோ இருக்கும். உள்தோல், பால்சா, வெளித்தோல் என்று அடுக்கி, உலோகப் பட்டைகளால் இறுக்கிக் காய வைப்பார்கள். அச்சிலிருந்து எடுத்த பிறகு, பாதிகள் திறந்து கிடக்கும்போதே கம்பிகள், குழாய்கள், கட்டுப்பாட்டு இணைப்புகள் என்று பெரும்பகுதியை உள்ளே பொருத்தி, கடைசியில் இரண்டையும் சேர்த்து மூடுவார்கள்.

அளவைத் தீர்மானித்ததும் இந்தப் பால்சாதான். அசலில் நடு அடுக்கு 7/16 அங்குலம். அதை ஏழால் வகுத்தால் 1/16 அங்குலம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பால்சாத் தகட்டின் தடிமன்! இதற்கு மேல் என்ன யோசனை? 1/7 என்று முடிவு செய்தேன். 16.51 மீட்டர் இறக்கை 2.36 மீட்டராகிறது. இறக்கைப் பரப்பு 0.86 சதுர மீட்டர். பத்து கிலோவுக்குள் முடித்தால் நிதானமாகத் தரையிறங்கும். பன்னிரண்டைத் தொட்டால் தரையிறங்கும்போது நெஞ்சு படபடக்கும்.

ஆனால் 1/16 அங்குலத்தை ஒற்றை அடுக்காக நம்பவில்லை. விமானத்தை ஏழில் ஒன்றாகச் சுருக்கலாம், அதைத் தூக்குகிற விரல்களைச் சுருக்க முடியாது. பிடித்த இடத்தில் குழி விழும். எனவே இரண்டு அடுக்கு. முதல் அடுக்குப் பட்டைகள் முன்பின் வாட்டத்தில், இரண்டாவது அடுக்கு அதற்குச் சாய்வாக. பிர்ச் தோலுக்குப் பதில் உள்ளே சதுர மீட்டருக்கு 25 கிராம், வெளியே 50 கிராம் கண்ணாடியிழைத் துணி, எபாக்ஸிப் பிசினில். 0.4 மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகையும் கிடைக்கிறது, ஆசையாகவும் இருந்தது. கணக்குப் போட்டால் உடற்பகுதியின் தோல் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபுறமும் ஒட்டுப்பலகை என்றால் அது மட்டுமே அரைக் கிலோவை நெருங்குகிறது. கண்ணாடியிழை பிசினோடு சேர்த்து 120 கிராம் அளவில் முடிகிறது. அதோடு மூக்குப் பகுதி இரண்டு திசையிலும் வளைகிறது. ஒட்டுப்பலகை ஒரு திசையில்தான் வளைந்து கொடுக்கும்.

மரம் வாங்குவது தனிக் கலை. 2020 வாக்கில் காற்றாலை இறக்கைகளுக்காகப் பால்சாவை அள்ளிக்கொண்டு போனதில் விலை தாறுமாறாக ஏறியது. அப்போது சேர்த்து வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். கடையில் குவியலிலிருந்து கையால் பொறுக்க விடுவார்கள் என்றால் ஒரு சிறு தராசோடு போங்கள். நீள அகலக் கணக்கை விட எடைதான் பேசும். 36 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 1/16 தடிமனுள்ள தகடு 15 கிராம் இருந்தால் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ. அதே தகடு 24 கிராம் என்றால் 160. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டில் சமையலறைத் தராசை நான் பட்டறைக்கு எடுத்துப் போனதில், "கேக் செய்யணும், தராசைக் கொண்டு வந்து வைங்க" என்று மனைவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் புதிதாக ஒன்று வாங்கினேன், அவளுக்கு.

அடர்த்திக்கு அடுத்தது வெட்டு. தகட்டின் முகத்தில் நீள நீளமான ரேகை தெரிந்தால் அது குறுக்கில் நன்றாக வளையும்; அச்சின் மேல் போர்த்த அதுதான் வேண்டும். மீன் செதில் மாதிரிப் புள்ளி புள்ளியாக மின்னினால் அது விறைப்பான வெட்டு. வளைத்தால் பிளக்கும், ஆனால் ரிப்புகளுக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலாக்கள்) வால் பரப்புகளுக்கும் தங்கம். வாலுக்குள்ளே போவது எல்லாம் குவியலில் மிக லேசான தகடுகள். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டு கிராமுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டியிருக்கும், எடை எதற்கு என்றே தெரியாமல் ஏறிக்கொண்டு போகும்.

அளவுகளைச் சரிபார்க்க லண்டன் கோல்னியில் உள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஹாரோவில் இருக்கும் எனக்கு அது பக்கம். முதல் மாஸ்கிட்டோவை வடிவமைத்துக் கட்டிய சாலிஸ்பரி ஹால் வளாகத்திலேயே அந்த முதல் விமானம், டபிள்யூ 4050, நிற்கிறது. கூடவே இன்னும் இரண்டு மாஸ்கிட்டோக்கள். வரைபடம் எதிலும் சரியாகப் புரியாத ஒரு விஷயம், இறக்கை வேரில் முன்விளிம்பு ரேடியேட்டர் வாய் எப்படி நாசெலில், அதாவது எஞ்சின் கூட்டில், போய்ச் சேர்கிறது என்பது, கீழே குனிந்து பார்த்ததும் தெளிந்தது. மாதிரிகளுக்கு இந்த ரேடியேட்டர் ஒரு வரப்பிரசாதம். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே அழகாகக் காற்று உள்ளே நுழைய ஓர் அசல் துவாரம்! அதற்குப் பின்னால் மின்மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியை வைத்துவிட்டால், குளிர்விக்க வேறு ஓட்டை போட வேண்டியதில்லை.

அச்சுக்கு எம்.டி.எஃப். பலகையில் குறுக்குவெட்டுகளை அறுத்து, ஒரு தட்டையான பலகையில் நிறுத்தி, இடையே பைன் பட்டைகள் ஒட்டி, இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் உருவம் கொண்டுவந்தேன். குறுக்குவெட்டை அறுக்கும்போது வெளியே விழுகிற மிச்சப் பலகையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். அதுதான் பின்னால் தொட்டிலாகும். அச்சிலிருந்து எடுத்த பால்சாக் கூடு உடனே விரியப் பார்க்கும். உள்பக்கம் கண்ணாடியிழை போட்டுக் காயும் வரை இந்தத் தொட்டிலில் கிடந்தால் வடிவம் மாறாது.

பட்டைகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அச்சில் கட்டி, ஓர் இரவு காயவிட்டுப் பிறகுதான் பசை. அடுக்குகளுக்கு நடுவே மஞ்சள் மரப்பசையை மெல்லிய பூச்சாக ரோலரில் தேய்த்தேன். இறுக்குவதற்கு டி ஹாவிலண்ட் ஆட்களிடம் உலோகப் பட்டை. என்னிடம் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் நாடாக்கள். இதைவிட நல்ல சாதனம் எந்தக் கடையிலும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம், பால்சாவில் தடம் விழாது, பசை ஒட்டாது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் பை நிறையக் கொடுப்பார்கள்.

இரண்டு பாதிகளும் உள் கண்ணாடியிழையோடு 470 கிராம். கையில் எடுத்துப் பார்த்தபோது நம்ப முடியவில்லை. முறுக்கினால் முறுகவில்லை.

பசையைப் பற்றி ஒரு கதை உண்டு. தொடக்க கால மாஸ்கிட்டோக்களில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை போட்டார்கள். ஈரத்தில் அது பூஞ்சைக்கு விருந்து. பின்பு செயற்கைப் பிசின் பசைக்கு மாறினார்கள். அப்படியும் 1944 இறுதியில் இந்தியாவில் இருந்த விமானங்கள் சில வானத்திலேயே உடைந்தன. இறக்கைத் தோல் ஸ்பாரை (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கிய உத்தரம்) விட்டு விலகியிருந்தது. எல்லாவற்றையும் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். வெயிலும் மழையும் காரணமா, தொழிற்சாலையில் இணைப்புகள் சரியாகப் பொருந்தாமல் போனதா என்று வாதம் நடந்தது. நம் பட்டறைக்கு இரண்டாவது காரணம்தான் முக்கியம். பசை எவ்வளவு உயர்ந்ததானாலும் இடைவெளியை நிரப்புகிற வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. ரிப்பும் ஸ்பாரும் சேரும் இடத்தில் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் கசிந்தால் திரும்ப உப்புத்தாள், இல்லையென்றால் புது ரிப்.

சரி, உடற்பகுதியின் பாதிகளுக்கு வருவோம். அசலில் ஏழு குறுக்குத் தடுப்புகள். நானும் ஏழு வைத்தேன். 3 மில்லிமீட்டர் லேசான ஒட்டுப்பலகையில் நடுவைக் குடைந்த வளையங்கள், எல்லாம் இடது பாதியில் ஒட்டியாயிற்று. அதன் பிறகு நடந்ததுதான் இந்த முறையின் முழுப் பயன். வாலை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள், அவற்றின் தள்ளுகம்பிக் குழாய்கள், வால் சக்கரத்தின் இழுவை, ஏரியல் குழாய், பேட்டரித் தட்டின் தண்டவாளம் எல்லாவற்றையும் மேசையில் உட்கார்ந்தபடி, இரண்டு கையும் தாராளமாகப் புழங்க, வெளிச்சத்தில் பொருத்தினேன். வழக்கமான மாதிரியில் ஒரு சின்னக் கதவு வழியாக மணிக்கட்டு வரை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத திருகாணியை விரல் நுனியால் தேடுவது எப்படிப்பட்ட அவஸ்தை என்று கட்டியவர்களுக்குத் தெரியும். தள்ளுகம்பிகளை ஒவ்வொரு தடுப்பிலும் தாங்கி, ஒரு துளி ஆட்டமும் இல்லாமல் செய்ய முடிந்தது. இது மூடிய கூட்டில் நடக்காத காரியம்.

மூடுவதற்கு விளிம்பின் உட்புறம் 5 மில்லிமீட்டர் ஸ்ப்ரூஸ் மரப் பட்டையை ஒரு பாதியில் பாதி அகலம் வெளியே நீட்டும்படி ஒட்டி, மறுபாதியை அதன் மேல் உட்கார வைத்தேன். மெதுவாகக் காயும் எபாக்ஸி, மறுபடி சைக்கிள் டியூப். கோடு நேராக வந்தது. வெளியே அசலில் மடபோலம் என்ற நெருக்கமான பருத்தித் துணியை ஒட்டி, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சு அடித்தார்கள். கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபுரத்துக்குப் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கிய ஊரின் பெயரில் வந்த துணி அது. என் விமானத்தில் அந்த இடத்தில் 50 கிராம் கண்ணாடியிழை.

இறக்கையில்தான் அசலை விட்டு விலகினேன். மாஸ்கிட்டோவின் இறக்கை நுனி முதல் நுனி வரை ஒரே துண்டு. உடலின் அடிப்பக்கம் வெட்டி விட்ட இடத்தில் அது மேலேறி உட்காரும். 2.36 மீட்டர் துண்டு என் காரில் ஏறாது, கூரை மேல் கட்டிக்கொண்டு எம்-25 நெடுஞ்சாலையில் போகிற துணிச்சலும் இல்லை. நாசெல்களுக்கு வெளியே இரண்டு பக்கமும் கழற்றும்படி பிரித்து, 20 மில்லிமீட்டர் கார்பன் குழாயில் செருகினேன். நடுத்துண்டு மட்டும் அசல் மாதிரியே கீழிருந்து ஏறுகிறது. அசலைப் போலவே இரண்டு ஸ்பார். மேலும் கீழும் ஸ்ப்ரூஸ், நடுவே பால்சா வலை. நுனியில் 2 டிகிரி கீழ்முறுக்கு கொடுத்தேன். வேகம் குறையும்போது நுனி முதலில் தூக்கு விசையை இழந்து இறக்கை சாய்வதைத் தவிர்க்க இது வேண்டும். தகடு போர்த்திக் காயும் வரை கட்டுமானப் பலகையை விட்டு இறக்கையை எடுக்கவே இல்லை. ஒருமுறை தகடு பூட்டிக்கொண்டால் முறுக்கு நல்லதோ கெட்டதோ அதுதான் கடைசி வரை.

மோட்டார்கள் மின்சாரம்தான். பெட்ரோல் எஞ்சின் சத்தம் பிடிக்கும், ஆனால் இரட்டை எஞ்சினில் ஒன்று நின்றால் என்ன ஆகும் என்று பல மைதானங்களில் பார்த்தாயிற்று. பக்கத்துக்கு ஒரு 6 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, மேசைச் சோதனையில் 18 அங்குல மூன்று இதழ்ச் சுழலியோடு ஒவ்வொன்றும் 60 ஆம்பியரை ஒட்டி, அதாவது 1,300 வாட் இழுக்கிறது. அசல் சுழலி 12 அடி. அதைச் சுருக்கினால் இருபது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் நுனி மூக்கின் பக்கவாட்டை உரசுகிற மாதிரிப் போகும், அதனால் குறைத்தேன். அசலில் இரண்டு மெர்லின் எஞ்சின்களும் ஒரே திசையில் சுழன்றதால் ஓடுபாதையில் விமானம் இடது பக்கம் இழுக்கும். நான் ஒன்றை எதிர்த் திசையில் சுழற்றுகிறேன். மோட்டாரில் இரண்டு கம்பிகளை மாற்றி, எதிர்க்கைச் சுழலி மாட்டினால் போதும். துல்லியம் பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, புல்வெளியில் இடது பக்கம் போய் வேலியில் முட்டப் போவது அவர்களுடைய விமானம் இல்லை.

தரைக்கால்களில் அசல் ஆட்கள் எண்ணெய் அதிர்வுதாங்கி வைக்காமல் ரப்பர் கட்டைகளை அடுக்கி அமுக்கினார்கள். செலவும் குறைவு, செய்யவும் சுலபம். லேத் வைத்திருக்கும் நண்பர் சக்கரத்துக்கு இருபுறமும் அலுமினியக் குழாய் கடைந்து கொடுத்தார். உள்ளே ரப்பர் வளையங்கள் போட்டுப் பார்த்தோம். அழுத்தினால் இறங்குகிறது, எகிறிக் குதிக்காமல் மெல்ல எழுகிறது. சுருள்வில்லைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்றைய நிலவரம்: உடல் உள்சாமான்களோடு 1.6 கிலோ, இறக்கை மூன்று துண்டும் சேர்ந்து 2.3. மோட்டார், பேட்டரி, கால்கள், பெயின்ட் எல்லாம் கூட்டினால் ஒன்பதரைக்குள் அடங்கும் என்று தெரிகிறது. குண்டறைக் கதவு திறந்து மாவுப் பை போடும் என்று பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அசலில் நான்கு 500 பவுண்டு குண்டுகள் தொங்கிய அந்த இடத்தில் என் இரண்டு பேட்டரிகள் இருக்கும், கதவு அவற்றை மாற்றுவதற்கான மூடி. நிறம், மார்ஹம் தளத்திலிருந்து பறந்த பிரிட்டிஷ் விமானப்படை 105ஆம் அணியின் பச்சையும் சாம்பலும். அதற்கு முன் எல்லாவற்றையும் மாட்டி, எடைமையம் இறக்கையின் சராசரி அகலத்தில் கால் பங்கில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரித் தட்டு முன்னும் பின்னும் 12 சென்டிமீட்டர் நகரும். அதற்குள் சரியாகிவிட்டால் ஈயம் வேண்டாம். அது தெரியும் வரை வால் பக்கம் ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டு போவதாக இல்லை.