டபுள் கெப்பில் கேம்பர் ஏற்றின கதை

மச்சான் ஒரு பழைய கேம்பர் பெட்டியை வாங்கி, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவ ஒரு சிங்க், 60 லீட்டர் தண்ணீர்த் தொட்டி. கெப்பின், அதாவது எங்கள் பிக்கப் வண்டியின், பின் தட்டில் ஏற்றிக் கட்டினால் ஓடுகிற வீடு. வேண்டாதபோது நான்கு மூலையிலும் உள்ள ஜாக்கிக் கால்களில் அப்படியே நிற்கும். பெட்டியைக் கால்களில் உயர்த்தி, கெப்பை அடியில் ரிவர்ஸ் எடுத்து, மெதுவாக இறக்கினால் சரி. விற்றவர் இவ்வளவுதான் சொன்னாராம்.

எங்கள் கெப் சாதாரண உயரம் இல்லை. முன்பு வைத்திருந்தவர் தோட்டப் பாதைக்கென்று ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயரும் போட்டிருந்தார். பின் பலகையைக் கழற்றிவிட்டு அளந்தால், நிலத்திலிருந்து தட்டு 38 அங்குலம். உராய்வுக்காக விரிக்கும் ரப்பர் அரை அங்குலம். தட்டில் முட்டாமல் நுழைய இன்னும் ஒன்றரை. ஆக பெட்டியின் அடிப்பாகம் 40 அங்குலத்தில் நிற்க வேண்டும். ஜாக்கிகள் தூக்குவதோ மிஞ்சினால் 41. "ஒரு அங்குலம் மிச்சம் இருக்கே" என்று மச்சான் சந்தோஷப்பட்டான். நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இலங்கை மலையகத்தில் எங்கள் கொட்டகலையில் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கால்களை முழுவதும் நீட்டியதும் பெட்டி கொக்கு மாதிரி நின்றது. ஒரு விரலால் தொட்டாலும் ஆடியது. நான் ரிவர்ஸ் எடுக்க, மச்சான் வலப்பக்கமும் அவன் தம்பி இடப்பக்கமும் நின்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். தட்டு பாதி நுழைந்திருக்கும், வலது பின்கால் ஈர மண்ணில் புதைந்தது. பெட்டி சாய்ந்து தட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அலுமினியத் தகட்டில் ஒரு அடி நீளத்துக்குக் கீறல். கெப் அடியில் இருந்ததால் தாங்கியது, இல்லாவிட்டால் கீழேயே விழுந்திருக்கும். அடியில் யாரும் குனியவில்லை என்பது எங்கள் புத்திசாலித்தனம் அல்ல, அதிர்ஷ்டம்.

லொறி ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கி, புதைந்த மூலையைத் தூக்கி, பழைய ரயில்வே சிலிப்பர் கட்டைத் துண்டை அடியில் கொடுத்து, கெப்பை வெளியே எடுத்தோம். பிறகு பெட்டியைத் தாழ இறக்கி, சிலிப்பர் கட்டை அடுக்குகளின் மேல் உட்கார வைத்தோம்.

மறுநாள் பெரியப்பா வந்தார். முப்பது வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவர். வந்ததும் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். நான் தேத்தண்ணிக்காக்கும் என்று நினைத்தேன். அதை வாசலில் வைத்தார். அது நிதானமாக உருண்டு கானுக்குள் போய் விழுந்தது. "இதுலயாடா ஏத்தினீங்க?" என்றார், அவ்வளவுதான்.

நான் ஜாக்கிகளின் அடியில் கட்டை அடுக்கி இன்னும் உயர்த்தலாம் என்றேன். கட்டை மேல் கட்டை, அதன் மேல் முழுதாக நீட்டிய கால். அவர் கேட்கவே இல்லை. "பெட்டிய ஏன் தூக்குற? வண்டிய இறக்கு" என்றார். யாரோ டயர் காற்றைக் குறைக்கச் சொன்னார்கள், ஆனால் பாரம் ஏற்றிய பிறகு காற்றடிக்கும் இடம்வரை காற்றில்லாத டயரில் ஓட்ட வேண்டுமே. பெரியப்பா சொன்னது வேறு: டயர் ஓடும் இரண்டு தடத்தையும் 4 அங்குலம் தோண்டுவது. முன் சில்லும் பின் சில்லும் சேர்ந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கெப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஒரு வாரம் போனது. கால்கள் ஊன்றும் நான்கு இடத்திலும் இரண்டடிச் சதுரத்துக்கு கொங்கிரீட் போட்டு, நான்கும் ஒரே மட்டமா என்று தண்ணீர் நிரப்பிய குழாய் வைத்துப் பார்த்தோம். தடங்களைக் கூடுதலாகவே தோண்டி, கல் நிரப்பி இடித்த பிறகும் 4 அங்குலம் ஆழம் நிற்கிற மாதிரி செய்து, வெளியேறும் பக்கம் மெல்லிய ஏற்றமாக விட்டோம். மழைத் தண்ணீர் ஓட பக்கத்தில் ஒரு சின்னக் கான். இப்போது பெட்டி 36 அங்குலம் உயர்ந்தாலே போதும், ஜாக்கியில் 5 அங்குலம் மிச்சம். தோண்டும்போது நினைக்காத இன்னொரு லாபமும் கிடைத்தது: தடம் தண்டவாளம் மாதிரி டயரைப் பிடித்துக்கொண்டது, கெப் கோணலாகப் போகவே இல்லை.

இரண்டாவது தடவை பனி விலகும்வரை காத்திருந்தோம். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அடைத்தாயிற்று. முதலில் முன்கால்கள் இரண்டுக்கும் சில சுற்று, அப்புறம் பின்கால்களுக்கு. ஒரு மூலையை மட்டும் ஒரேயடியாகத் தூக்கினால் எதிர்மூலைக் கால் முறுக்கிக்கொள்ளும். முன்பக்கம் எப்போதும் ஒரு அங்குலம் உயரமாகவே இருந்தது, கெப்பின் தலைக்கு மேல் நீளும் கட்டில் பகுதி கூரையில் தட்டாமல் இருக்க. பெட்டியின் நடுவிலும் தட்டின் நடுவிலும் சிவப்பு டேப் ஒட்டி வைத்தோம். இந்த முறை பெரியப்பா ஒருத்தர்தான் பேசினார். "வரட்டும்... வரட்டும்... ஹோல்ட்!" அவர் ஹோல்ட் சொன்னால் நான் மூச்சையும் நிறுத்தினேன். லோ கியரில், பிரேக்கில் கால் வைத்தபடி, அங்குலம் அங்குலமாக. தட்டுக்குள் துருத்தும் சில்லு மேடுகளின் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி.

தட்டின் முன் சுவரில் கொடுத்த பலகையில் பெட்டி முட்டியதும் ஹான்ட்பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, இறக்கத் தொடங்கினோம். பாரம் விழுந்ததும் தட்டு 2 அங்குலம் தாழ்ந்தது. பெட்டியைக் கெப்பிலிருந்து கழற்றும்போது இது திரும்பி வரும்: பெட்டியைத் தூக்கத் தூக்க ஸ்பிரிங்கும் நிமிர்ந்து தட்டைக் கூடவே மேலே கொண்டுவரும். ஏற்றி வைத்த நிலையில் தட்டை அளந்து கணக்குப் போட்டால் அந்த 2 அங்குலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கு மூலைக் கட்டுகளும் தட்டின் தகட்டில் அல்ல, சேஸியில் பற்ற வைத்த கொக்கிகளில். பிரேக் லைட், சிக்னல் பிளக்கைச் செருகிப் பார்த்தோம்.

பெட்டி வெறுமையில் 520 கிலோ. அதைக் கொண்டுவந்த லொறியைப் பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் தராசில் நிறுத்து வந்த கணக்கு. தண்ணீர் நிரப்பினால் இன்னும் 60. கெப் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கில் உள்ளே உட்காருகிற ஆட்களும் அடக்கம், மச்சான் தனியாகவே 95 கிலோ. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பெட்டி தட்டுக்கு வெளியே பின்பக்கம் இரண்டடி நீண்டது. ஹட்டன் பக்கம் ஒரு லொறித் தராசில் முன் சில்லுகளை மட்டும் ஏற்றி, பெட்டி இல்லாமலும் பெட்டியோடும் பார்த்தோம். பெட்டியோடு முன்பக்கம் 30 கிலோ கூடியிருந்தது. குறைந்திருந்தால் பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது என்று அர்த்தம், வளைவில் ஸ்டியரிங் லேசாகிவிடும்.

முதல் பயணம் நுவரெலியாவுக்கு. மொத்த உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டினேன். நம் பாதைகளில் டெலிபோன் கம்பியும் சவுக்குக் கிளையும் எந்த உயரத்தில் தொங்கும் என்று சொல்ல முடியாது. தலவாக்கலைக்கு முன், செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் நிறுத்திக் கட்டுகளைப் பார்த்தோம். இடது பின் கட்டு அரை விரல் தளர்ந்திருந்தது. மச்சான் அதை முறுக்க, நான் மற்ற மூன்றையும் பார்த்தேன். பெரியப்பா உள்ளே கட்டிலில் ஏறப் பார்த்தார். ஓடும்போது அங்கே யாரும் இருக்கக்கூடாது என்று அவர் போட்ட சட்டத்தையே சொல்லி, முன் சீட்டில் உட்கார வைத்தோம்.