பூ இருக்கும்போதே தொட்டி மாற்றினேன்

தை மாதம் அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு ஆர்க்கிட் செடி கொண்டு வந்தாள். ஃபெலனாப்சிஸ் வகை. ஒரே தண்டு, அதில் வெள்ளையும் ஊதாவுமாக ஒன்பது பூ, நுனியில் இரண்டு மொட்டு. "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி போதும் சித்தி, வெயில்ல வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை எல்லாம் குச்சியை ஒடித்து நட்டாலே வந்துவிடும். அந்தத் திமிரில் இதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். மாமியார்தான் முதல் நாளே சந்தேகமாகப் பார்த்தார். "மண்ணே இல்லாம வளருதுன்னா இது புல்லுருவி ஜாதியில்ல?" இல்லை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும். ஆர்க்கிட் மரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்குமே தவிர, அதனிடமிருந்து ஒன்றும் எடுப்பதில்லை. மழையும் காற்றிலிருக்கும் ஈரமும் போதும். நம் சமவெளி மாமரங்களில்கூட வான்டா வகை ஆர்க்கிட் இப்படித்தான் தொற்றி வளர்கிறது. நான் சொன்னதை அத்தை நம்பவில்லை.

மாசி நடுவில் மொட்டு இரண்டும் மஞ்சளாகி உதிர்ந்தன. அப்புறம் அடியிலை துவண்டு, வாடிய வெற்றிலை மாதிரி சுருங்கியது. இலை வாடினால் என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றுவோம். நானும் ஊற்றினேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும், அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாதே. தாகம் என்று நினைத்து மேலே மேலே ஊற்றி மிச்ச வேரையும் மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.

செடி ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கப்பில் இருந்தது. அந்தக் கப்பை அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். ஒருநாள் கப்பைத் தூக்கிப் பார்த்தால் பீங்கானின் அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கிறது, அதற்கு ஓட்டையே கிடையாது. மழையில் நனைந்த வைக்கோல் போரின் அடியில் வருமே, அந்த வாடை.

நர்சரியில் கேட்டேன். "பூ இருக்கிறப்ப வேரைத் தொடாதீங்க, எல்லாம் கொட்டிடும். பூத்து முடிஞ்சதும் மாத்துங்க" என்றார்கள். பொதுவாக அது சரியான பேச்சுதான். பூவைத் தாங்கி நிற்கும் செடிக்கு வேர் அறுபட்டால் இரட்டைச் சுமை. ஆனால் இந்தப் பூ லேசில் முடிவதில்லை, ஒரு தடவை பூத்தால் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். அதுவரை அழுகல் காத்திருக்குமா? வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "போனா போவுது, அடுத்த தடவை இன்னொண்ணு கொண்டாரச் சொல்லு" என்றார்.

நான்கு நாள் தண்ணீர் ஊற்றாமல், கப்பின் பக்கவாட்டில் வேரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல வேர் காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. கப்பின் மேல் பக்கம் அப்படி இருந்து, கீழே மட்டும் ஒன்றிரண்டு பழுப்பாக இருந்தால் பூ முடியும்வரை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாதிக்கு மேல் பழுப்பு. மாற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செடியை எடுப்பதற்கு முன்பே சாமான் சேர்த்தேன். கஜா புயலில் விழுந்தது போகக் கொல்லையில் மிச்சம் நிற்கும் தென்னைகளின் தேங்காய் மட்டைதான் முதல் சரக்கு. அதைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி மூன்று நாள் ஊறவைத்தேன். மட்டையில் உப்பும் துவர்ப்பும் உண்டு. முதல் நாள் தண்ணீர் டிகாஷன் மாதிரி இறங்கியது, மாற்ற மாற்றத் தெளிந்தது. எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், ஆர்க்கிட் வேர் நுனிக்கு அந்த உப்பு ஆகாது. மேட்டூரை ஜனவரி கடைசியில் மூடிவிடுவதால் மாசியில் வாய்க்காலும் காய்ந்து கிடந்தது. அதனால் கடைசி ஊறலுக்கு மட்டும் கேன் தண்ணீர். கரி, இஸ்திரி போடுகிறவரிடம் வாங்கித் தூள் போகச் சலித்தேன். அடியில் போட உடைந்த ஓட்டுச் சில்லு. மண் கிடையாது. "ஒரு பிடியாவது போடேண்டி" என்று அத்தை சொன்னபோது கை கொஞ்சம் தயங்கியது உண்மை.

கத்தரியைக் கேஸ் அடுப்பில் காட்டி ஆறவைத்துவிட்டு உட்கார்ந்தேன். வேர்களைச் சுற்றிப் பாசியைத் திணித்து வைத்திருந்தார்கள். அது கூழாகிப் போயிருந்தது. நட்டநடுவில், குட்டியாக இருந்தபோது வைத்த பாசிக் கட்டி ஒன்று அப்படியே சொதசொதவென்று. அழுகல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. ஒவ்வொரு வேராக விரலால் அமுக்கினேன். கெட்டியாக இருந்தால் விட்டேன். அமுங்கினால், இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் நூலாக நின்றால் வெட்டினேன். பதினான்கில் தேறியது ஐந்து.

வெட்டிய இடத்தில் சமையல் பட்டைத் தூள் தடவினேன். பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெட்டுவாய் தவிர வேறெங்கும் படக்கூடாது. நான் நல்ல வேர் ஒன்றிலும் கொட்டிவிட்டு ஊதிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வேரை வைத்துக்கொண்டு ஒன்பது பூவைத் தூக்க முடியாது. பூத்தண்டை வெட்டத்தான் வேண்டும். தொட்டி மாற்றியதைவிட இதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை. காலையிலிருந்து தள்ளிப்போட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வெட்டிச் செம்புத் தண்ணீரில் வைத்தேன். போனில் படம் பார்த்த அக்கா மகள் "வெட்டிட்டீங்களா சித்தி!" என்று அலறினாள். செம்பில் பத்து நாள் நன்றாகவே இருந்தது.

செடியை ஒரு நாள் நிழலில் காயவிட்டு மறுநாள் நட்டேன். ஆசையாக ஒரு பெரிய மண் தொட்டி வாங்கி வைத்திருந்தேன், அதைத் தொடவில்லை. வேர் குறைவாக இருக்கும்போது தொட்டி பெரிதானால் நடுவில் ஈரம் காயாமல் பழைய கதைதான். அதே கப்பைக் கழுவி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கங்களில் ஓட்டை போட்டு, சில்லு, மட்டை, கரி என்று நிரப்பி, செடி ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டினேன். மூன்று நாள் தண்ணீர் இல்லை. காலையில் மட்டும் இலைமேல் லேசாகத் தெளிப்பேன், குருத்தில் தேங்கினால் துணியால் ஒற்றிவிடுவேன்.

சித்திரையில் அந்த அடியிலை பழுத்து விழுந்தது. அக்னி நட்சத்திரம் முழுக்கக் கிழக்குத் திண்ணையில், ஈரச்சாக்கின் மேல் பலகை போட்டு வைத்திருந்தேன். ஆனியில்தான் ஒரு வேர் நுனி பச்சையாகத் துளிர்த்தது. அதைப் பார்த்த பிறகே தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக இருக்கும் 19:19:19 உரம், அதுவும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, மாதம் இரண்டு முறை.

வாரம் ஒரு தடவை என்ற கணக்கு இந்த ஊரில் செல்லவில்லை. ஆடிக் காற்றில் மட்டை ஒரே நாளில் காய்ந்துவிடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றினேன். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் சொட்டுக்கூட ஊற்றவில்லை. கப்பைக் கையில் தூக்கினால் கனம் தெரியும், இப்போது அதை வைத்துத்தான் ஊற்றுகிறேன்.

கார்த்திகையில் இலையிடுக்கில் பச்சையாக ஏதோ ஒன்று முட்டியது. ராத்திரிக் குளிர் விழுந்தால்தான் இந்தச் செடி பூத்தண்டு விடும் என்பதால் எனக்கு ஒரே பரபரப்பு. நுனி ஒருபக்கமாக மடிந்து மூடிய கை மாதிரி இருந்தால் பூத்தண்டு, மொழுமொழுவென்று உருண்டிருந்தால் வேர். படம் அனுப்பினேன். "பூதான் சித்தி, சந்தேகமே வேணாம்" என்றாள். ஒரு வாரத்தில் அது கீழ்நோக்கி வளைந்து மட்டைக்குள் இறங்கிவிட்டது. வேர். அத்தை பக்கத்து வீட்டில் இன்னும் பூ வரப்போகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.