வேட்பாளரின் மூன்று வண்ணக் கணக்கு

பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய செட்டிநாட்டில், வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் அரிதாகவே இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ சட்டமன்றத்துக்குப் போட்டியிடுபவர், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்புமனு அளித்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவை எழுதி, அடுத்த 30 நாள்களுக்குள் சிவகங்கையில் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். பந்தல், நாற்காலி, தேநீர் என ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் வைத்திருப்பதால், வாடகையைக் குறைத்து எழுதினால், அதிகாரிகள் தனியே பராமரிக்கும் நிழல் பதிவேட்டோடு ஒப்பிடும்போது வேறுபாடு தெரிந்துவிடும். (காகிதத்திலாவது ஏற்பாடு கச்சிதம்தான்.) தக்க காரணமின்றிக் கணக்குத் தராதவரை 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம்.

2022 முதல் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சிக்கோ வரம்பே இல்லை. கட்சி பட்டியலிட்டு அறிவிக்கும் முன்னணிப் பிரசாரகரான நட்சத்திரப் பேச்சாளர் கட்சிக்காக மேற்கொள்ளும் பயணத்தின் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகும், இந்த ஓட்டை அடைபடவில்லை.