ஆல்ட்ரேஷன் கணக்கை ஸ்லைடில் ஏற்றிய அனுபவம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆல்ட்ரேஷன் பற்றி விளக்கத் தேவையில்லை. தைத்த பீஸை செக்கிங் டேபிள் திருப்பி அனுப்பும், டைலர் பிரித்து மறுபடி தைப்பார். எங்கள் கம்பெனியில் அது ஏன் இவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். லைன் சூப்பர்வைசர் அண்ணன், செக்கிங்கில் மூத்த அக்கா, கட்டிங் மாஸ்டர், ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) தம்பி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங்கிலிருந்து நான். ஒரு சீசன் முழுக்கக் கணக்கெடுத்தோம். அதை முதலாளிக்கும் மேனேஜருக்கும் ஸ்லைடு போட்டுக் காட்டுகிற வேலை, லேப்டாப் வைத்திருக்கிற ஒரே காரணத்தால் என்னிடம் வந்தது.

ஆளாளுக்கு ஒரு கட்டுத் தகவல் அனுப்பினார்கள். கட்டிங் மாஸ்டர் துணி ரோல் வாரியாக ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) எழுதிய தாள்களை போட்டோ எடுத்து அனுப்பினார். ஐ.இ. தம்பியின் எக்செல் ஷீட் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றியிருந்தால், பங்காளி ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாதென்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை போல ஆகியிருக்கும். தேதியையும் மண்டபத்தையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் பவர்பாயின்ட்டைத் திறக்காமல் முதலில் ஒரு தாளில் எழுதினோம். முதலாளி எழுந்து போகும்போது எதற்குச் சரி சொல்லிவிட்டுப் போக வேண்டும்? இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கடைசியில் வந்து நின்றது ஒரு வரி: "ஸ்டைல் மாறும்போது முதல் அரை மணி நேரம் பைலட் பீஸ் மட்டும் ஓட்டி, செக்கிங் ஓகே சொன்ன பிறகு பல்க் விட வேண்டும்." பைலட் என்றால் சோதனையாக முதலில் தைக்கும் பீஸ்கள், பல்க் என்றால் மொத்த உற்பத்தி. ஆல்ட்ரேஷனில் பெரும்பங்கு புது ஸ்டைல் ஏறிய அன்றைக்கு, அதுவும் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் நீட்சித் துணி) வைக்கிற இடத்தில் வந்திருந்தது. இந்த வரிக்கு உதவாத எதுவும் முன்னால் வராது என்று முடிவு செய்தோம். ஜி.எஸ்.எம். தாள்கள் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் இணைப்பாகப் போயின. கட்டிங் மாஸ்டருக்கு வருத்தம்தான். "கேட்டா எடுத்துக் காட்டலாமுங்க, பத்திரமா இருக்குது" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம்.

ஸ்லைடுக்குத் தலைப்பு வைப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்கல விபத்து 2003-இல் நடந்தது. ஏவும்போது பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையில் அடித்ததுதான் காரணம். அந்த அடி ஆபத்தானதா என்று விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே ஆராய்ந்து ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு பயமில்லை என்கிற தொனியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியது சுமார் 1,920 கன அங்குலம் என்ற விஷயமோ அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை இதைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. நம்முடையது பனியன் கதைதான். ஆனாலும் "ஆல்ட்ரேஷன் பகுப்பாய்வு" என்று தலைப்பு வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. "ஸ்டைல் மாறும் நாளில்தான் ஆல்ட்ரேஷன் குவிகிறது" என்று முழு வாக்கியமாக வைத்தால், தலைப்பை மட்டும் படிப்பவருக்கும் விஷயம் போய்ச் சேரும்.

படம் வரைவதில் தமிழுக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. நிற்கிற பட்டைகளாகப் போட்டால் "கழுத்து ரிப் இணைப்பு", "தோள் ஓவர்லாக்" மாதிரிப் பெயர்கள் இடம் போதாமல் சாய்ந்துவிடும், தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். படுக்கைப் பட்டையாக மாற்றியதும் சரியானது. ஆனால் பவர்பாயின்ட் முதல் வரிசையைக் கீழே கொண்டுபோய் வைக்கும். அச்சின் அமைப்பில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரிய பட்டை மேலே வரும். ஐ.இ. தம்பி, பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டைகளை அடுக்கும் பாரெட்டோ படத்தில் வழக்கமாக வரும் கூட்டுச் சதவீதக் கோடும் வேண்டும் என்றான். நான் எடுத்துவிட்டேன். அந்தக் கோட்டை விளக்கவே ஐந்து நிமிடம் போய்விடும். கழுத்து ரிப் பட்டைக்கு மட்டும் அடர் நீலம், மற்றதெல்லாம் சாம்பல். சிவப்பு, பச்சை என்று போடவில்லை. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், போதாததற்கு எங்கள் மீட்டிங் ரூம் புரொஜெக்டர் எல்லா நிறத்தையும் வெளுத்துத்தான் காட்டும்.

எழுத்துரு அடுத்த தலைவலி. சூப்பர்வைசர் அண்ணன் கொடுத்த குறிப்புகள் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்தவை. என் லேப்டாப்பில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றி, எல்லாவற்றையும் நிர்மலா யூ.ஐ.யில் வைத்தேன். விண்டோஸ் 8-இலிருந்து அது கூடவே வருவதால் மீட்டிங் ரூம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும் பயமில்லை. அளவு 28-க்குக் கீழே இறக்கவில்லை. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினேன். இல்லாவிட்டால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். இதையெல்லாம், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பான ஸ்லைடு மாஸ்டரில் ஒரு தடவை செய்துவிட்டால் போதும்.

உண்மையான சண்டை வந்தது வேறு இடத்தில். எந்த பவர் டேபிளில் (தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும் மேசை) எவ்வளவு ஆல்ட்ரேஷன் என்ற கணக்கும் எங்களிடம் இருந்தது. அதை ஒரு ஸ்லைடாகப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார் சூப்பர்வைசர் அண்ணன். செக்கிங் அக்கா விடவில்லை.

"டேபிள் நம்பரப் போட்டா அது யாருன்னு முதலாளிக்குத் தெரியாதுங்களாண்ணா? நாளைக்கே கூப்பிட்டு விடுவாரு. ஸ்டைல் மாத்துனதுக்கு டைலர் என்னங்க பண்ணுவாங்க?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் கணக்குச் சொன்னதும் ஆளைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. அந்த ஸ்லைடு வரவில்லை. அக்கா இன்னொன்றும் கேட்டார்: பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரக் கூலியை யார் தருவது? அதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. அனுமதி கேட்கும் ஸ்லைடில் "பைலட் நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கூலி" என்று ஒரு வரி சேர்த்தோம்.

மீட்டிங்கில் முதலாளி இரண்டாவது ஸ்லைடிலேயே நிறுத்திவிட்டார். "அரை மணி நேரம் லைன் நின்னா ஷிப்மென்ட் என்னாகும்?" என்று கேட்டார். பட்டைப் படத்தைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, மீதியை சூப்பர்வைசர் அண்ணனே பேசினார். கடைசி ஸ்லைடுகளை யாரும் பார்க்கவில்லை. கூலி வரிக்குத்தான் அதிக நேரம் பேச்சு நடந்தது. முடிவில், ஒரு லைனில் மட்டும் செய்து பார்க்கலாம், கூலி ஷிப்ட் கணக்கில் என்று ஒத்துக்கொண்டார்.

பழுது போட்டோக்கள் இருந்த ஸ்லைடை மேனேஜர் தனியாகக் கேட்டு வாங்கினார். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த டைலர்கள் அந்த லைனில் அதிகம். படத்துக்குக் கீழே இந்தியிலும் எழுதி, ஏ3 தாளில் அச்செடுத்து லைன் முனையில் ஒட்டினோம். நிர்மலா யூ.ஐ.யில் இந்தி எழுத்தும் இருப்பதால் வேறு எழுத்துரு தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒடியாவிலும் ஒன்று கேட்கிறார்கள். அதே எழுத்துருவில் அதுவும் இருக்கிறது, சரியாக எழுதிக் கொடுக்கத்தான் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.