கொல்லைப்பக்கத்து வாளி

பிரேதப் பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வரும் நாட்களில் நான் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. கொல்லைப்பக்கம் போய், உடுப்பைக் கழற்றி நனைத்துப்போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே போவேன். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் எல்லா வீடுகளிலும் செய்வதுதான். கொலை, தூக்கு, விஷம், கிணற்றில் பிணம் என்று இன்ஸ்பெக்டர் வேலையில் அது அடிக்கடி வந்தது, அவ்வளவுதான். இரவு ஒரு மணியானாலும் என் மனைவி அங்கே ஒரு வாளி வெந்நீரும் துண்டும் லுங்கியும் வைத்திருப்பாள். ஜீப் சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்பு பற்றவைப்பாள் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை.

குளிக்கும்போதே பார்த்ததையும் கேட்டதையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அவளும் மகளும் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். மனதார நம்பித்தான் செய்தேன்.

கொலை வழக்கு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கொலை வழக்கைப் புலன்விசாரணை செய்வது ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். ஆனால் அவருக்கு அது மட்டுமே வேலை இல்லை. கோயில் திருவிழா, தலைவர் வருகை, சாலை மறியல் என்று பந்தோபஸ்து வந்துகொண்டே இருக்கும். இதற்கு நடுவில் எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சம்பவ இடத்தில் பார்த்ததைச் சாட்சிகள் முன் எழுதும் மகஜர், பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை, சாட்சிகளிடம் வாக்குமூலம், தினமும் சி.டி. என்கிற கேஸ் டைரி எழுதுவது என்று எல்லாம் நடக்க வேண்டும். ஆளைப் பிடித்து ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சார்ஜ் ஷீட் போடாவிட்டால், அவன் ஜாமீனில் போவதை யாராலும் தடுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம் வந்து, கொலைக்கான பிரிவு 302 போய் 103 வந்துவிட்டது. ஆனால் அந்த 90 நாள் கணக்கு மாறவில்லை.

பிரேத விசாரணை அறிக்கையில் ஒரு கேள்வி வரும். இறந்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எங்கே, எப்போது? என்னைப் பொறுத்தவரை வழக்கு தொடங்குவதே அங்கேதான். நான் சொல்லப்போகும் வழக்கிலும் அப்படித்தான்.

2012 கார்த்திகை. திருவண்ணாமலை தீபத்துக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போலீஸை அனுப்புவார்கள். அந்த பந்தோபஸ்து முடிந்து, இரண்டு நாள் தூக்கமில்லாமல் திரும்பியிருந்தேன். காலை ஒன்பது மணிக்குத் தகவல் வந்தது. ஊருக்கு வெளியே தனியாக இருந்த ஒரு அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. கழுத்தை நெரித்திருந்தார்கள். இரண்டு பவுன் செயின் இல்லை, காது கிழிந்திருந்தது. நகைக்காகவோ பணத்துக்காகவோ செய்யும் இதற்கு ஸ்டேஷன் பேச்சில் ஆதாயக் கொலை என்று பெயர்.

டாக்டர், பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இறந்திருக்கலாம் என்று எழுதினார். பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள், அது போதாது. எனக்கு நேரத்தைக் குறுக்கிக் கொடுத்தது பால் சொசைட்டி நோட்டு. முந்தின நாள் மாலை அவர் பால் ஊற்றிய கணக்கு அதில் இருந்தது. மறுநாள் காலைக் கணக்கு இல்லை. ஆக, இரவில் நடந்திருக்கிறது. சொசைட்டிக்காரர்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தவர்.

மோப்ப நாய் தார் ரோடு வரை ஓடி நின்றுவிட்டது. கைரேகையும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. நான் தொழுவத்தில் போய் நின்றேன். மாடு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. காலையில் பால் கறக்காத மாடு, மடி கட்டி நின்றது. ஆனால் அதன் முன்னால் புதிதாக உருவிப்போட்ட வைக்கோல். தொட்டியில் தவிடு கலந்த தண்ணீர் பாதி இருந்தது. "யாரும்மா மாட்டுக்குப் போட்டது?" என்று பக்கத்து நிலத்துக்காரம்மாவிடம் கேட்டேன்.

"நாங்க போடலீங்கய்யா. அது அந்தம்மாவையும் அவங்க அண்ணன் மவனையும் விட்டா யாரையும் கிட்ட சேக்காது. முட்டித் தள்ளிடும்."

அண்ணன் மகன் அப்போது பிணத்தின் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்தான். ஓசூரில் வேலை, செய்தி கேட்டு இப்போதுதான் பஸ் பிடித்து வந்தேன் என்று சொல்லியிருந்தான். அந்த அம்மா தூக்கி வளர்த்த பையன். நான் உடனே எதுவும் கேட்கவில்லை, காரியம் முடியட்டும் என்று விட்டேன். செல்போன் டவர் விவரம் வந்தபோது அன்றைய இரவு அவன் ஓசூரில் இல்லை. பதினோராவது நாள் கைது செய்தோம்.

இந்தப் பதினோரு நாளில் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் டெங்கு தமிழ்நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கும் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் ஒரே ஒரு முறை போனேன். வார்டு வாசலில் நின்று தனிப்படையோடு போனில் பேசிவிட்டு, கட்டிலருகே பத்து நிமிடம் நின்றேன். மகள் கண்ணை மூடியே இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒரு வழக்கு. கிணற்றிலிருந்து ஒரு சிறுமியை எடுத்தோம். என் மகள் வயது. டியூஷனுக்கு சைக்கிளில் போன பிள்ளை. அன்றும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மறுநாள் காலையிலேயே மகளின் சைக்கிளைப் பூட்டி சாவியை எடுத்துக்கொண்டேன். எத்தனை மணிக்குக் கிளம்பினாய், யாரோடு போனாய், ஏன் பத்து நிமிடம் அதிகமாயிற்று? ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பேன், பதில் மாறுகிறதா என்று பார்ப்பேன். சந்தேக நபரிடம் கேட்கும் முறை அது. காரணத்தை மட்டும் சொல்லவில்லை. "அப்பா என்னைச் சந்தேகப்படறாரும்மா" என்று அவள் அடுக்களையில் அழுதது எனக்குக் கேட்டது. கேட்டும் சும்மா இருந்தேன். வெளியில் விட்டதாக நான் நினைத்த கிணறு வீட்டுக்குள்தான் இருந்தது. அது கிணறு என்று எனக்கு மட்டும் தெரியும். அவர்கள் பார்த்தது என் முகத்தை மட்டும்தான். குடியும் அந்தச் சமயத்தில்தான் கூடியது.

கைது செய்த இரவு, வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக இருக்க, அந்தப் பையன் வாக்குமூலம் கொடுத்தான். சூதாட்டக் கடன். பணம் கேட்டான், இல்லை என்று சொல்லியிருக்கிறார். நகையை அடகு வைத்த கடையைக் காட்டுவதாகச் சொன்னான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அது கத்திக்கிட்டே இருந்துச்சுங்கய்யா. பாவமா இருந்துச்சு. நான்தானே சின்ன வயசுல இருந்து அதுக்குப் போடுவேன்."

என் பேனா நின்றுவிட்டது. எத்தனையோ வாக்குமூலம் எழுதியவன் நான். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 27-வது பிரிவின்படி, பொருள் கைப்பற்ற வழிகாட்டிய அந்த ஓரிரு வரிகள் மட்டும்தான் செல்லும். அடகுக் கடை வரி செல்லும். மாட்டுக்குப் பாவம் பார்த்த வரி செல்லாது. அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிடும் போலிருந்தது. வி.ஏ.ஓ.விடமா சொல்வது, டி.எஸ்.பி.யிடமா? இன்றைக்கு மனைவியை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஜீப்பில் வரும்போது முடிவு செய்தேன்.

இரவு ஒன்றரை மணி. வழக்கம்போல கொல்லைப்பக்கம் போனேன். வாளி கவிழ்த்து வைத்திருந்தது. துண்டு இல்லை. பின்கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து சாவியைக் கொடுத்தார். "அவங்க போயி நாலு நாளாச்சே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்தே மனைவியும் மகளும் என் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு, திறந்த கதவுக்கு முன்னால் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சார்ஜ் ஷீட்டை 83-வது நாள் போட்டேன். மயிலாப்பூர் தடயவியல் அறிக்கைக்கு ஆளனுப்பி வாங்கினேன். அந்த 83 நாளில் மாமியார் வீட்டுக்கு இரண்டு முறைதான் போனேன். இரண்டு முறையும் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள்.

பிறகு குடும்ப நீதிமன்றம். கவுன்சிலிங் அறையில் ஒரு நடுத்தர வயது அம்மா, மிகவும் மென்மையாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்போ சார் உக்காந்து மனசுவிட்டுப் பேசினீங்க?" எங்கே, எப்போது என்று எத்தனை பேரை நான் துருவியிருக்கிறேன். ஒரு தேதி சொல்லிவிடலாம் என்று தேடினேன். பக்கத்தில் அவள் தலைகுனிந்து, நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தாள். எனக்கு ஒரு நாள்கூட அகப்படவில்லை. அவளுக்கு நினைவிருந்தது. மகள் ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று இரவு என்று சொன்னாள்.

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கிடைத்தது. எங்கள் வழக்கில் விவாகரத்து ஆனது. இரண்டிலும் எனக்கு மேல்முறையீடு தோன்றவில்லை.

2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் துணையோடு தமிழ்நாடு காவல்துறையில் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கினார்கள். மறுவருடம் எனக்கும் வந்தது. கட்டாயம் என்பதால்தான் போனேன். அங்கே ஒரு ஏட்டையா, ரயில் தண்டவாளத்தில் பொறுக்கி எடுத்த ஒரு உடலைப் பற்றிப் பேசினார். இருபது வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம். சொல்லி முடித்துக் குலுங்கி அழுதார். அறையில் முப்பது பேர் இருந்தோம், ஒருவரும் அசையவில்லை. இந்தத் துறைக்கு இப்படி ஒன்று முப்பது வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும்.

அன்று இரவு மகளுக்குப் போன் செய்தேன். அவள் அப்போது கோவையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கிணற்றைச் சொன்னேன். சைக்கிள் சாவியைச் சொன்னேன். வெகுநேரம் சத்தமில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். அப்புறம் அந்த அம்மாவையும் அண்ணன் மகனையும் வைக்கோலையும் சொன்னேன். அவன் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன்.

"அந்த மாடு என்னாச்சுப்பா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். பக்கத்து நிலத்துக்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். மாடு அவர் தொழுவத்தில் நின்றது. ஆறு மாதம் யாரையும் அண்டவிடவில்லையாம், பிறகு மெல்லப் பழகிவிட்டதாம். நாலு ஈற்று ஆகிவிட்டது, கடைசிக் கன்றுதான் இது என்று காட்டினார். வரப்பில் நின்றுகொண்டே மகளை அழைத்தேன்.