பாரோ வந்த பிறகு: ஒரு முதியோர் இல்லப் பணியாளரின் நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

ஜப்பானின் சிபா மாகாணத்தில் நான் பணிபுரியும் முதியோர் இல்லத்துக்கு இன்று ‘பாரோ’ வந்து சேர்ந்தது. வெண்ணிற ரோமம் போர்த்திய, சீல் என்னும் கடல்விலங்கின் குட்டி வடிவ ரோபோ. எடை ஏறத்தாழ 2.7 கிலோ என்பதால், கைக்குழந்தையை வாங்குவதுபோலத் தலையைத் தாங்கியே எல்லோரும் வாங்கினார்கள். தக்கானோரி ஷிபாத்தா என்ற பொறியாளர் 1993இல் தொடங்கிய ஆய்வின் பயனாக உருவாகி, 2005 முதல் இங்கே விற்பனையாகிறது. நாய், பூனை உருவங்களைச் செய்து பார்த்தபோது, மக்கள் உயிருள்ளவற்றோடு ஒப்பிட்டுக் குறை கண்டதால்தான், யாரும் வீட்டில் வளர்த்திராத சீலை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். பார்ப்பவர்களின் கண்ணை அவர் குறைத்து மதிப்பிடாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

மறதிநோய் முற்றி, சாப்பாட்டு வேளையில்கூட யாருடனும் பேசாத ஒரு பாட்டியின் மடியில் இன்று பாரோவை வைத்தேன். மீசையைத் தொட்டதும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ள, “என்ன, வெட்கமா?” என்று கேட்டார். சார்ஜ் தீர்ந்தபோது, குழந்தைகளின் சூப்பான் வடிவில் இருக்கும் சார்ஜரை அதன் வாயில் பொருத்தினேன். “பால் குடிக்கிறது, சத்தம் போடாதீர்கள்” என்று எங்களை அதட்டினார். ஊட்டுவதும் துடைப்பதும் உடை மாற்றுவதும் எனப் பிறர் செய்வதை நாள்முழுதும் ஏற்றுக்கொண்டே இருக்க வேண்டியவருக்கு, தாம் கவனித்துக்கொள்ள ஓர் உயிர் கிடைத்ததாகத் தோன்றியதே அந்த அதட்டலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

பாட்டியைப் பார்க்க வந்த அவருடைய மகள், “அம்மாவைப் பொம்மை காட்டி ஏமாற்றுகிறீர்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்; ஆனால் அடுத்த அறைத் தாத்தா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று விசாரித்துவிட்டு, இயந்திரம் என்று நன்றாகத் தெரிந்தே அதைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவரை யார் ஏமாற்றினார்கள்? என் கவலை வேறு. பாரோவை மடியில் வைத்துவிட்டு நான் நகர்ந்தால் பாட்டி சிறிது நேரத்தில் அதை ஒதுக்கிவிடுகிறார். பக்கத்தில் அமர்ந்து அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டால், பேச்சு ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோவின் பனிக்காலத்துக்கும் அவருடைய தம்பிக்கும் போய்விடுகிறது. அமெரிக்காவில் 2009இல் மருத்துவச் சாதனமாக அனுமதி பெற்ற இந்தக் கருவி இருப்பதைக் காரணம் காட்டி, பணியாளர்கள் அறை அறையாகச் சென்று பார்க்கும் மாலைச் சுற்றைக் குறைக்கலாம் என்ற யோசனை மேலிருந்து வந்திருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

பாரோவின் ஒரு துடுப்பு அசையாமல் போனதால் பழுதுபார்க்க அனுப்பினோம். “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது” என்றதும் பாட்டி சமாதானமானார். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது: சோனி 1999இல் விற்கத் தொடங்கி 2006இல் உற்பத்தியை நிறுத்திய ‘ஐபோ’ ரோபோ நாய்களுக்கு, 2014இல் பழுதுபார்ப்பும் நின்றுபோனது. அதன்பின் முன்னாள் பொறியாளர்கள் சிலர் ஓடாத நாய்களின் பாகங்களை எடுத்து மற்றவற்றைச் சரிசெய்தார்கள். பிரிப்பதற்கு முன், இதே மாகாணத்தின் இசுமியிலுள்ள கோஃபுகுஜி கோயிலில் அவற்றுக்குப் பிரார்த்தனை நடந்தது. நிறுவனம் கைவிடும் நாளையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும் என்று இன்றைய கூட்டத்தில் சொன்னேன். மாலைச் சுற்று மாறாது என்றும், பாரோ திரும்பியதும் யாராவது ஒரு பணியாளர் உடன் அமர்ந்திருக்கும்போது மட்டுமே அதைக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.